பல் கிளிப் கழற்றிய பிறகும் ரீடெய்னர் ஏன்? 35 வயதுக்கு மேல் எவ்வளவு காலம் போட வேண்டும்?

கிளிப்பைக் கழற்றியதும் வேலை முடிந்தது என்றுதான் நினைப்போம். ஆனால் பல்லை அதே இடத்தில் பிடித்து வைக்க, ரீடெய்னர் என்ற சாதனத்தை அதன் பிறகும் போட வேண்டும். பல் புது இடத்துக்கு வந்தாலும், ஈறில் உள்ள நார்கள் அதைப் பழைய பக்கமே இழுக்கும். அவை அடங்க ஒரு வருடம்கூட ஆகலாம். போதாததற்கு, வயதாக ஆகக் கிளிப்பே போடாதவர்களுக்கும் கீழ் முன்பற்கள் நெருக்கியடிக்கும். அதனால்தான் முதல் சில மாதம் சாப்பாட்டு நேரம் தவிர நாள் முழுக்க, அப்புறம் இரவில் மட்டும், நிறுத்தாமல் போடச் சொல்கிறார்கள். சரியான கணக்கை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சில நாள் விட்டுப் போட்டால் இறுக்கிப் பிடிக்கும். பல் நகர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். முதல் வாரம் 'ஸ' கொஞ்சம் குழறும், ஆபீஸ் போனில் தெரியும், பிறகு பழகிவிடும். பிளாஸ்டிக் ரீடெய்னரை வெந்நீரில் கழுவாதீர்கள், வளைந்துவிடும். ஓட்டலில் டிஷ்யூவில் சுற்றி இலை ஓரம் வைத்தால், அது இலையோடு போய்விடும். டப்பா எப்போதும் பையில் இருக்கட்டும்.