கொழும்பில் பூந்தோட்டம் வைக்க நினைக்கும் கோவைத் தங்கைக்கு

ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டே இருக்க வேண்டும், வருடா வருடம் மாற்றாமல் நின்று பூக்கிற செடிகளாக இருக்க வேண்டும், எவற்றை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கொழும்பை ஒட்டிய தெஹிவளையில் வாடகை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், விசா நீட்டிப்பு, நம் ஊர்க் காய்கறி என்று நான்கு கேள்விகள். காய்கறிக்கு வெள்ளவத்தைச் சந்தை போதும். மற்ற மூன்றையும் உங்கள் கணவரின் அலுவலகம் பார்த்துக்கொள்ளும். பூவைப் பற்றி அங்கே யாரும் சொல்லித்தரப் போவதில்லை; அதை நான் எழுதுகிறேன்.

இணையத்தில் எடுத்ததாக நீங்கள் அனுப்பிய பட்டியலை முதலில் ஓரமாக வையுங்கள். வசந்தத்துக்கு டியூலிப், கோடைக்கு லாவெண்டர், இலையுதிர் காலத்துக்கு ஆஸ்டர். அது பனி விழும் தேசத்துக்காரர்கள் தங்களுக்காக எழுதிக்கொண்டது. டியூலிப்புக்கும் பியோனிக்கும் குளிர்காலம் கிடைத்தால்தான் ஒழுங்காகப் பூ வரும். கொழும்பில் ஆண்டு முழுவதும் சராசரி வெப்பம் 27, 28 டிகிரிதான். பகல் பொழுதின் நீளமும் ஒரு மணி நேரம்கூட மாறாது. இங்கே பருவம் என்றால் மழைதான். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை. அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. ஜனவரி, பிப்ரவரி ஓரளவு வறண்டிருக்கும். மார்ச் கடைசியில் மறுபடி இடி. கோவையில் பெய்வதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் மழை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தென்மேற்கு மழையை மலை மறித்துக்கொள்கிறது. இங்கே அது கடலிலிருந்து நேரே வாசலில் வந்து இறங்குகிறது.

நான் வந்து இறங்கியது 1999ஆம் ஆண்டு மே மாதம். போர்க்காலம். தெருமுனைக்குத் தெருமுனை சோதனைச் சாவடி, இருட்டிய பிறகு வெளியே போகத் தயக்கம், பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. ஒரு வீட்டின் பின்கட்டு எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது. முற்றம் நன்றாக இருக்கும், செடி வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் வீட்டுக்காரர் முன்பணம் வாங்கினார். தோண்டினால் ஒரு சாண் செம்மண், அதற்குக் கீழே முழுக்க உடைத்த சுவரும் சிமெண்டுக் காரையும். வெட்சி வைத்தேன், இலையெல்லாம் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. வெட்சி புளிப்பு மண்ணை விரும்பும் செடி. காரையின் சுண்ணாம்பு இறங்கிய மண்ணில் அதனால் இரும்புச் சத்தை எடுக்க முடியாது. கொழும்பின் இயல்பான செம்புறை மண் வெட்சிக்குப் பொருத்தமானதுதான். அதைக் கெடுப்பது கட்டடக் கழிவு. ஆகவே எந்தச் செடிக்கும் காசு கொடுக்கும் முன் முற்றத்தை ஒன்றரை அடி தோண்டிப் பாருங்கள். கழிவு இருந்தால் அள்ளி அப்புறப்படுத்தச் சொல்லி வீட்டுக்காரரிடம் இப்போதே பேசுங்கள். முன்பணம் கைமாறிய பிறகு அவர்கள் காது கேட்காது.

அடுத்த எச்சரிக்கை, செடிக் கடைகளைப் பற்றியது. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. நுவரெலியாப் பக்கத்திலிருந்து ஹைட்ரேஞ்சியா, ஜெரேனியம், டாலியா எல்லாம் பூவோடு லாரியில் இறங்கும். அவை 1,800 மீட்டருக்கு மேலே குளிரில் வளர்ந்தவை. இங்கே சில வாரங்கள் கண்ணுக்கு அழகாக நின்று, பிறகு கருகிப்போகும். புதிதாக வருகிறவர்கள், முக்கியமாக இரண்டு மூன்று வருட ஒப்பந்தத்தில் வரும் நம் ஊர்க்காரர்கள், அதை வாங்கி வைத்துப் படம் எடுத்துவிட்டு, செடி செத்ததும் "இந்த ஊரில் ஒன்றும் வராது" என்கிறார்கள். ஊரின் மேல் என்ன குற்றம்? அடுத்த வீட்டு வேலியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அங்கே கவனிப்பாரில்லாமல் பூக்கிறதுதான் உங்களுக்கும் பூக்கும்.

இதை எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா. போயா நாளில், அதாவது பௌர்ணமியன்று, விகாரைக்குப் பூத்தட்டு எடுத்துப் போவார். அவருக்குத் தமிழ் தெரியாது, அப்போது எனக்குச் சிங்களம் தெரியாது. வேலிக்கு மேலாகக் கம்புகளை நீட்டி, எங்கே நட வேண்டும் என்று விரலால் காட்டுவார். நந்தியாவட்டை, செம்பருத்தி (இங்குள்ள தமிழர்கள் செவ்வரத்தை என்பார்கள்), கல்வாழை, வெள்ளை இஞ்சிப்பூ எல்லாம் அப்படி வந்தவைதான். செடிகளின் பெயர்களில் தொடங்கித்தான் நான் சிங்களம் பேசக் கற்றேன். இன்று சந்தையில் பேரம் பேசுவது முதல் அரசு அலுவலகம் வரை தனியாகப் போய்வருகிறேன். கால் நூற்றாண்டு இங்கே இருந்தும் ஓட்டுநரை வைத்தே பேசிக்கொள்ளும் நம்மவர்களை எனக்குத் தெரியும். அந்த வழியில் போகாதீர்கள்.

தோட்டத்தில் பூ இல்லாமல் போகிற இடைவெளி ஜூன், ஜூலைதான். அதை நினைத்தே தேர்வு செய்யுங்கள். போகன்வில்லா வறட்சியில் பூக்கும், ஜனவரி முதல் மார்ச் வரை வேலியையே மறைக்கும். மழை தொடங்கியதும் வெறும் இலையாகிவிடும். நித்தியகல்யாணி எப்போதும் பூக்கும், ஆனால் வேரில் நீர் நின்றால் இரண்டே நாளில் தலை சாயும். அதை மேட்டில் வையுங்கள். நல்ல மழையிலும் சளைக்காதவை கல்வாழை, ஹெலிகோனியா, இஞ்சிப்பூ, நிழலில் அந்தூரியம். வறட்சிக்குப் பின் விழும் முதல் மழைக்கு மழை லில்லி தானாக எழும்பும். செம்பருத்தியும் வெட்சியும் நந்தியாவட்டையும் எல்லா மாதத்துக்கும். வெட்சியைச் சதுரமாகக் கத்தரிக்கிற தோட்டக்காரரைக் கிட்டே விடாதீர்கள். அதன் மொட்டு கிளை நுனியில்தான் வரும்.

கனகாம்பரம் கட்டாயம் வையுங்கள். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான செடி அது. அரைநிழல் போதும். பூத்து முடிந்த கதிரைக் கிள்ளிவிட்டால் அடுத்தது வந்துகொண்டே இருக்கும். மதுரையில் என் அம்மா மல்லிகைக்கு நடுவே ஒரு கண்ணி கனகாம்பரம் வைத்துத்தான் சரம் தொடுப்பார். இங்கே மல்லிகைக்கு அந்தச் செழிப்பு இல்லை, தென்மேற்கு மழையில் மொட்டு உதிரும். ஆடிவேல் விழாவுக்குப் பம்பலப்பிட்டிக் கோயிலுக்குப் போகும்போது என் கொண்டையில் இருப்பது என் முற்றத்துக் கனகாம்பரம்தான். ஊரிலிருந்து மல்லிகைக் கம்பைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள். அனுமதிப் பத்திரமும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் செடி கொண்டுவருவது சட்டப்படி குற்றம். நம் வயல் நோயை இந்தத் தீவுக்குள் இறக்கிவிடுவோம்.

கடைசியாக, டெங்கு. தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கவே வைக்காதீர்கள். 2017இல் இந்நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது, எங்கள் தெருவிலும் படுத்தார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்குள் வந்து பார்ப்பார். நுளம்புப் புழு (கொசுப் புழு) இருந்தால் நீதிமன்றம்வரை போகும். இலைக் குழியில் நீர் தேங்கும் புரோமிலியாட் வேண்டாம். அல்லித் தொட்டி வைத்தால் கப்பி மீன் விடுங்கள்.

உரத்துக்கு அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. மழை எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போகும், எனவே கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போடுங்கள். 2021இல் அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தபோது நான் சமையலறைக் கழிவிலும் தும்புத்தூளிலும் (தேங்காய் நார்த்தூள்) உரம் செய்யத் தொடங்கினேன். தடை நீங்கிய பிறகும் கடை உரம் வாங்கவில்லை. மறு வருடம் பொருளாதார நெருக்கடி முற்றி எரிபொருளுக்கு வரிசை நின்றபோது நம்மவர் பலர் பெட்டி கட்டிப் போனார்கள். நாங்கள் இருந்தோம், செடியும் இருந்தது.

தெஹிவளையில் கடற்பக்கம் வீடு என்றால் மேற்குச் சுவரோரம் போகன்வில்லாவை வையுங்கள், உப்புக் காற்றை அது தாங்கும். அரளியும் தாங்கும், ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. சிறு பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஆகாது. மண்ணைத் தோண்டிப் பார்த்த பிறகு எழுதுங்கள், கனகாம்பர விதையும் செம்பருத்திக் கம்பும் தருகிறேன்.