தமிழ்நாட்டில் வெயில், கடும் வெயில், அக்னி வெயில் என்று மூன்றே பருவங்கள்தானா?

இந்தக் கேள்வியை வேறு வேறு வடிவத்தில் பத்து முறையாவது பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் பேசாமல் போய்விடுவேன். நேற்று இதற்கு ஒருவர் "ராமநாதபுரம் பக்கம் போனால் மூன்றும் ஒன்றுதான்" என்று பதில் எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. எனக்குச் சொந்த ஊர் முதுகுளத்தூர் பக்கம் ஒரு கிராமம்.

நீங்கள் சென்னையில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மார்ச் மாதமே மின்விசிறி அனல் காற்றை இறக்கத் தொடங்கிவிடும் ஊரில் இருந்தால் அப்படித்தான் தோன்றும், அதைக் குறை சொல்லவில்லை. 2003 மே கடைசியில் 45 டிகிரி அடித்த ஊர் அது. ஆனால் அது சென்னையின் வெயில். அங்கே கடல்காற்று சீக்கிரம் உள்ளே வந்துவிட்டால் மதியம் தாங்கும், வரத் தாமதமானால் தாங்காது. வேலூருக்கு அந்தக் கடல்காற்றுக் கொடுப்பினையும் இல்லை. இரண்டு ஊர் வெயிலே ஒன்றாக இல்லாதபோது, மாநிலம் முழுவதற்கும் ஒரே கணக்கு எப்படிச் சரிவரும்?

நான் விதைக் கம்பெனி ஒன்றில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். எந்த ஊரில் எந்தப் பயிருக்கு எது விதைக்கும் பட்டம் என்று தெரியாமல் என் பிழைப்பு நடக்காது. ஆனி மாதம் ஒருநாள் காலை செங்கோட்டையில் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். சாரல். தூறலும் இல்லை, மழையும் இல்லை, பில் புத்தகத்தின் மேல் பொடிப்பொடியாக வந்து உட்காருகிறது. குற்றாலத்தில் அருவி கொட்டுகிறது என்று பஸ் பஸ்ஸாகக் கூட்டம். அங்கிருந்து பைக்கில் கிளம்பி ஒன்றரை மணி நேரத்தில் சங்கரன்கோவில் தாண்டினேன். காற்று அதே காற்றுதான், ஈரம்தான் இல்லை. கரிசல் புழுதியைக் கிளப்பிக் கண்ணில் அடிக்கிறது. கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழையை மலை மறித்துவிடுகிறது. செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய், பாலக்காட்டுக் கணவாய் என்று மலை தாழ்ந்த இடங்களில் மட்டும் கொஞ்சம் வழிந்து இந்தப் பக்கம் வருகிறது. தெற்கே மிச்ச ஊர்களுக்குப் பெரும்பாலும் வருவது வெறும் காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர்கள் அனுபவித்துத்தான் சொன்னார்கள்.

நீலகிரி அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அந்த வாரம் எங்கள் ஊர்க் கண்மாய் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டுக் கிடந்தது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். இரண்டுமே தமிழ்நாடுதான். ஒன்று தென்மேற்குப் பருவமழை, மற்றது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெய்தது. நம் முன்னோர் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறாகப் பிரித்து வைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

வானிலை படித்தவர்கள் யாராவது வந்து திருத்தக்கூடும். நான் ஆய்வாளன் இல்லை, வயலையும் வானத்தையும் பார்த்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் வெயில் இல்லை என்றும் சொல்லவரவில்லை. ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும். எங்கள் மாவட்டத்துச் சராசரி மழை வருடத்துக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டி. "என்ன கிளைமேட்!" என்று எல்லோரும் புகழும் கோயம்புத்தூர் நகரத்தில் பெய்வது அதைவிடக் குறைவு. அவர்களுக்கு மலை இருக்கிறது, சிறுவாணி இருக்கிறது, கணவாய்க் காற்று இருக்கிறது. எங்களுக்கு வருகிற மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வந்தாக வேண்டும். அந்த இரண்டு மாதத்தில் கண்மாயில் பிடித்ததுதான் வருடம் முழுவதற்கும். தண்ணீர் இல்லாத ஊர் இல்லை எங்களுடையது, தண்ணீருக்கு ஒரே ஒரு தவணை உள்ள ஊர்.

அந்தத் தவணை தப்பினால் என்ன ஆகும் என்பதை நான் 2021 பொங்கலுக்குக் கண்ணால் பார்த்தேன்.

அதற்கு முந்தைய புரட்டாசியில் அப்பா நாலு ஏக்கர் புழுதி விதைப்பு போட்டார். காய்ந்த மண்ணில் நெல்லைத் தூவி, வானத்தை நம்பிக் காத்திருக்கும் விதைப்பு அது. டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் வலுவிழந்து மன்னார் வளைகுடாவிலேயே நகராமல் நின்று பெய்தது. கண்மாய் நிறைந்து, உபரி நீர் வழியும் கலுங்கில் தண்ணீர் போனது. பயிர் தூர் கட்டி, மார்கழிக் கடைசியில் கதிர் முற்றித் தலை சாய்ந்துவிட்டது. அறுவடை இயந்திரத்துக்கு அப்பா முன்பணம்கூடக் கொடுத்துவிட்டார்.

ஜனவரியில் திரும்பப் பிடித்தது மழை. நிற்கவே இல்லை. டெல்டாவிலும் சம்பா மூழ்கிக்கொண்டிருந்தது. (தஞ்சாவூர், நாகை பக்கம் இருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் நஷ்டத்தைச் சின்னதாக்கவில்லை.) அந்த முறை வடகிழக்குப் பருவமழை விலகியதாக அறிவித்ததே ஜனவரி 19-ஆம் தேதிதான்.

மாட்டுப் பொங்கலன்று அப்பாவோடு வயலில் இறங்கினேன். முழங்கால் வரை தண்ணீர். நெல் முழுக்கப் படுத்துவிட்டிருந்தது. அப்பா குனிந்து ஒரு கைப்பிடிக் கதிரைத் தூக்கினார். தனியாக வரவில்லை, பாய் மாதிரி சேர்ந்து எழும்பியது. ஒவ்வொரு மணியிலும் வெள்ளையாக முளை. ஒரு கதிரின் வேர் அடுத்த கதிருக்குள் போய்ப் பின்னிக் கிடந்தது. ஊறப்போட்டு மறந்த அரிசியின் புளித்த வாடை. அப்பா இரண்டு மணியைப் பிய்த்து நகத்தால் நசுக்கிப் பார்த்தார். பால் மாதிரி கசிந்தது.

"கார்த்திகைக்குப் பெறகு மழையும் இல்ல, கர்ணனுக்குப் பெறகு கொடையும் இல்லைன்னு சொல்வாக. இது எந்தக் கணக்குல வருது தம்பி?" என்று கேட்டார். பத்து மாவட்டத்துக்கு விதை அனுப்புகிற எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வரப்போரம் முண்டு மிளகாய் போட்டிருந்தோம், அதுவும் வேர் அழுகித் தொங்கியது.

பயிர்க் காப்பீடு கட்டியிருந்தோம். இழப்பைக் கணக்கிட மாதிரிக்கு எந்த வயலில் மகசூல் பார்த்தார்கள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பக்கத்து ஊருக்குப் பரவாயில்லை என்கிற தொகை வந்தது. எங்களுக்கு வந்தது உழவுக் கூலிக்கே காணவில்லை. ஒரே மழை, ஒரே கண்மாய்ப் பாசனம், நடுவில் இருப்பது ஒரு வண்டிப்பாதை. போய்க் கேட்டால் "கணக்கு அப்படித்தான் வந்திருக்கு" என்றார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். "தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவேன்" என்று காலம் காலமாகச் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்தக் காடு எங்கள் ஊர். அதே 2021 நவம்பரில் என் தம்பிக்குப் பெண் பார்த்தோம். நல்ல மழை வருடம். மறுகால் பாய்ந்த தண்ணீர் ரோட்டை மூடியதால் பெண் வீட்டார் பாதி வழியில் வண்டியை விட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து வந்தார்கள். அம்மா அவர்கள் கால் துடைக்கத் துண்டு எடுத்துக் கொடுத்தார். நாலு நாள் கழித்துத் தரகர் போன் செய்தார்: "பையனைப் பிடிச்சிருக்கு, தண்ணியில்லாத ஊருக்குப் பொண்ணு குடுக்கத்தான் யோசிக்கிறாங்க."

அவர்கள் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். என் அம்மா ஊற்றுத் தோண்டி, குடம் நிறைய விடியற்காலை வரை காத்திருந்த கோடைகள் எனக்கு நினைவிருக்கின்றன. காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் சித்திரையில் குழாய் சரியாக வராத நாட்கள் உண்டு. ஆனாலும் அந்தத் தண்ணீரில் நனைந்து வந்தவர்களே அப்படிச் சொன்னது இன்றுவரை ஆறவில்லை. தம்பிக்கு அடுத்த வருடம் வேறு இடத்தில் அமைந்தது.

நீங்கள் ஒருமுறை வாருங்கள். சித்திரையில் வேண்டாம். கார்த்திகை முடிந்து மார்கழி பிறக்கும்போது பரமக்குடியில் ரயில் இறங்கி முதுகுளத்தூர் பஸ் பிடியுங்கள். அங்கிருந்து சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் பக்கம்தான், இரண்டும் பறவைகள் சரணாலயங்கள். நல்ல மழை வருடமாக இருந்தால் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்கள் நாரைக் கூடுகளால் பாரம் தாங்காமல் இருக்கும். விடிகாலையில் போங்கள், கையோடு ஒரு சால்வை எடுத்து வாருங்கள், பனி இருக்கும்.