தேயிலைத் தொழிற்சாலையில் காலைப் பிரார்த்தனையைக் கட்டாயமாக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி அருகே ஒரு தனியார் தேயிலைத் தொழிற்சாலையில் பணியாளர் நல அலுவலராக இருக்கிறேன். பயிற்சி வகுப்பு நடத்த வந்த ஆலோசகர் ஒருவர், ஆன்மிகம் உள்ள நிறுவனங்களில் உற்பத்தி கூடுகிறது என்று ஆய்வுகள் நிரூபித்துவிட்டதாகச் சொன்னார். அதைக் கேட்ட உரிமையாளர், ஷிப்ட் தொடங்கும் முன் கால் மணி நேரம் தியானமும் பிரார்த்தனையும் எல்லோருக்கும் கட்டாயம் என்கிறார். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் என்று எல்லோரும் இங்கே இருக்கிறார்கள். சிலர் முணுமுணுக்கிறார்கள். ஆய்வுகள் அப்படித்தான் சொல்கின்றனவா? உரிமையாளரிடம் நான் என்ன சொல்வது?

பதில்: கட்டாயமாக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வதற்கு அந்த ஆய்வுகளே உங்களுக்குத் துணை நிற்கும்.

பணியிட ஆன்மிகம் என்பது மேலாண்மைத் துறையில் முறையாக ஆராயப்படும் பொருள்தான். இதற்கென்றே 2004 முதல் ஓர் ஆய்விதழ் வெளிவருகிறது. ஆனால் ஆய்வாளர்கள் அளப்பது ஆலோசகர் சொன்னதை அல்ல. ஆஷ்மோஸ், டூஷான் இருவரும் 2000-ல் வகுத்த அளவுகோலில் முக்கியமானவை மூன்று: ஊழியருக்கு ஓர் உள்வாழ்வு உண்டு என்பதை நிறுவனம் மதிக்கிறதா, செய்கிற வேலையில் அவர் பொருள் காண்கிறாரா, உடன் உழைப்பவர்களோடு ஒட்டுறவு இருக்கிறதா. 2003-ல் மில்லிமன் குழுவினர், நிறுவனம் நடக்கும் விதமும் ஊழியரின் மனசாட்சியும் ஒத்துப்போகின்றனவா என்பதையும் சேர்த்துப் பார்த்தார்கள். பிரார்த்தனைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது இந்த அளவுகோல்களில் இல்லை. 1999-ல் மிட்ரோஃப், டென்டன் இருவரும் அமெரிக்க மேலாளர்களிடம் வேலைக்குப் பொருள் தருவது எது என்று கேட்டபோது, முதலில் வந்த பதில் தன் முழுத் திறனையும் வெளிப்படுத்த முடிவது. அடுத்தது, நேர்மையான நிறுவனத்தில் இருப்பது. மதத்தைப் பணியிடத்துக்குக் கொண்டுவருவதைப் பெரும்பாலோர் விரும்பவுமில்லை.

‘நிரூபித்துவிட்டன’ என்பதும் மிகை. பெரும்பாலான ஆய்வுகள் வினாத்தாள் ஆய்வுகள். வேலையில் பொருள் இருக்கிறதா, இங்கேயே தொடர்வீர்களா என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே ஆள் ஒரே தாளில் பதில் எழுதுகிறார். நல்ல முதலாளி கிடைத்தவர் இரண்டுக்கும் ஆம் என்றுதான் எழுதுவார். எது எதற்குக் காரணம் என்று அதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. வேலைத்திறனையே நேரடியாகப் பார்த்த 2005-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று மருத்துவமனைப் பிரிவுகள் ஆறில் மட்டும் நடந்தது. அதை வைத்துக்கொண்டு தேயிலை உற்பத்திக்கு உறுதிமொழி தர முடியாது.

இன்னொரு பக்கத்தை உரிமையாளர் கட்டாயம் அறிய வேண்டும். ஆன்மிகம் ஊழியரைக் கட்டுப்படுத்தும் கருவியாகவும், லாபத்துக்கான வெறும் உத்தியாகவும் மாறிவிடும் ஆபத்தை லிப்ஸ்-வியர்ஸ்மாவும் உடனாசிரியர்களும் 2009-ல் விரிவாக எழுதினார்கள். அதே ஆண்டில் பண்டர்சன், தாம்சன் இருவரும் அமெரிக்க, கனடா விலங்குக் காட்சிசாலைப் பராமரிப்பாளர்களை ஆராய்ந்தார்கள். இது என் பிறவிக் கடமை என்று வேலையைக் கருதியவர்கள் அதில் ஆழ்ந்த நிறைவு கண்டார்கள். அதனாலேயே குறைந்த சம்பளத்தையும் கூடுதல் சுமையையும் ஏற்றுக்கொண்டார்கள், சுரண்டலுக்கும் எளிதில் ஆளாகக்கூடியவர்களாக இருந்தார்கள். இந்த ஆய்வை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். பக்தியின் பெயரால் கூலிக் குறைவை மூடி மறைக்க எந்த நிறுவனத்துக்கும் உரிமை கிடையாது.

இனி உங்கள் தொழிற்சாலைக்கு வருவோம். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பசுந்தேயிலையை எடை போடும் இடத்தில் போய் நில்லுங்கள். சாக்குக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழிக்கிறார்கள், அதற்குக் கணக்கு உண்டா என்று பாருங்கள். எடை போடும் இளைஞன், தன் ஊர்ப் பெரியவர் கொண்டுவந்த மூட்டையில் காரணமில்லாமல் கிலோவைக் குறைக்க வேண்டியிருந்தால், அவன் எந்தத் தியானத்தில் நிம்மதியாகக் கண் மூடுவான்? மில்லிமன் குழு சொன்ன மனசாட்சிப் பொருத்தம் உங்கள் இடத்தில் அந்தத் தராசில்தான் இருக்கிறது. எடைக் கழிவுக்கு விதி வகுத்து, அதைத் தமிழில் எழுதி எல்லோரும் பார்க்கும்படி மாட்டுங்கள்.

அடுத்தது வேலையின் பொருள். நொதிக்கும் தூளில் பச்சை மாறிச் செம்பு நிறம் ஏறும் பதத்தை மணத்திலேயே கண்டுபிடிக்கும் மூத்த தொழிலாளி ஒருவராவது உங்களிடம் இருப்பார். புதியவர்களுக்கு அவர் கற்றுக்கொடுக்க நேரம் ஒதுக்குங்கள். குன்னூர் ஏலத்தில் உங்கள் தூள் என்ன விலைக்குப் போனது, சுவை பார்ப்பவர்கள் என்ன குறை சொன்னார்கள் என்பதை வாராவாரம் தூள் சலிக்கும் பிரிவுப் பெண்களுக்கும் சொல்லுங்கள். தங்கள் கைபட்ட தூளின் விலை அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

ஆயுத பூஜையை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இயந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி கடலை பங்கிடுவது தொழிலாளர்களே முன்னின்று நடத்துவது, அப்படியே இருக்கட்டும். வராதவர் பெயரை மட்டும் யாரும் குறித்து வைக்கக் கூடாது. படகர்களின் ஹெத்தையம்மன் விழாவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் ரம்ஜானுக்கும் ஷிப்ட் மாற்றிக்கொள்ள வழி செய்யுங்கள். ஜார்க்கண்ட் பழங்குடியினரில் பலர் இயற்கையை வணங்கும் சர்னா வழிபாட்டினர்; அவர்களின் பண்டிகை எப்போது என்று அவர்களிடமே கேளுங்கள்.

உரிமையாளருக்குத் தியானத்தில் உண்மையான ஈடுபாடு இருந்தால் அதைத் தடுக்க வேண்டியதில்லை. ஓர் அமைதியான அறையை ஒதுக்கட்டும், விரும்புகிறவர் போகட்டும். அந்தக் கால் மணி நேரமும் வேலை நேரக் கணக்கில் சேரட்டும். வராதவருக்கும் அதே நேரம் ஓய்வாகக் கிடைக்கட்டும். மேஸ்திரியோ சூப்பர்வைசரோ யாரையும் அழைக்கக் கூடாது. அவர்கள் அழைத்தால் அது அழைப்பாக இருக்காது, உத்தரவாகிவிடும்.

ஆறு மாதம் கழித்து வருகைப் பதிவேட்டையும் வேலையை விட்டுப் போனவர்களின் எண்ணிக்கையையும் முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிடுங்கள். பருவத்துக்குப் பருவம் இலை வரத்து மாறுவதால் வேறு மாதங்களோடு ஒப்பிட்டால் கணக்கு தவறிவிடும். கருத்துக் கேட்கும் தாளில் பெயர் எழுதச் சொல்லாதீர்கள். இந்தி பேசுகிறவர்களுக்கு இந்தியிலும், படிக்கத் தெரியாதவர்களுக்கு அலுவலகத்தைச் சேராத ஒருவர் மூலமாகவும் கேளுங்கள்.