தோன்பெய்ன் டயர்: நீங்கள் கேட்டதும் நான் சொன்னதும்

பெகுவில் டயர் மாட்டுவதும் பஞ்சர் ஒட்டுவதும்தான் இருபது வருடத்துக்கு மேலாக என் பிழைப்பு. கடைக்கு வருவதில் முக்கால்வாசி மூன்று சக்கர மோட்டார் வண்டிகள்தான். பர்மியர் சொல்கிற மாதிரி நாமும் அதைத் தோன்பெய்ன் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மழை தொடங்குமுன் டயர் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் எல்லோருக்கும் உதவும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

மோல்மீனிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, பின் டயர் 5.00-12. கடையில் 8 பி.ஆர்., 10 பி.ஆர். என்று இரண்டு காட்டுகிறார்கள். நான் நடைக்கு 500 வீசை ஏற்றுவேன். எது வாங்கலாம்?

முதலில் அந்த எண்களைப் பார்ப்போம். 5.00 என்பது டயரின் அகலம், 12 என்பது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். பி.ஆர். என்பது எத்தனை அடுக்குக்குச் சமமான பலம் என்பதைச் சொல்கிறது. பருத்தி நூலில் டயர் செய்த காலத்தில் அது உண்மையிலேயே அடுக்குக் கணக்கு. இப்போது நைலானில் அத்தனை அடுக்கு உள்ளே இருக்காது, பலம் மட்டும் அந்தக் கணக்கில் வரும்.

இப்போது உங்கள் சுமை. நம் ஊர் வீசை 1.63 கிலோ. 500 வீசை என்றால் ஏறக்குறைய 816 கிலோ. வண்டி 350 கிலோ, நீங்கள் 60 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,226. சுமைப்பெட்டி பின்னால் இருப்பதால் அதில் ஐந்தில் நான்கு பங்கு பின் அச்சில் விழும் என்று நான் கணக்குப் போடுவேன். டயர் ஒன்றுக்கு 490 கிலோ. டயரின் பக்கவாட்டில் 83 என்று சுமை எண் இருந்தால் அது தாங்குவது 487 கிலோ. பள்ளத்தில் விழுந்து எழும்போது வரும் அடியை இதில் நான் சேர்க்கவே இல்லை. அதனால் 88 என்று போட்டிருக்கும் டயரைத் தேடுங்கள், அது 560 கிலோ தாங்கும். கிடைக்காவிட்டால் 400 வீசையோடு நிறுத்துங்கள், டயருக்கு 425 கிலோதான் வரும். பி.ஆர். மட்டும் பார்த்து வாங்காதீர்கள், சுமை எண்ணைப் பாருங்கள். இன்னொன்று, டயர் பலமாகிவிட்டது என்பதால் அச்சும் பேரிங்கும் பலமாகிவிடாது. வண்டிக்கு எழுதிய சுமை வண்டிக்கு எழுதியதுதான்.

தட்டோனிலிருந்து ஒரு அக்கா: ரப்பர் ஷீட் ஏற்றுகிறோம். வலது பின் டயர் மட்டும் அடிக்கடி பஞ்சர் ஆகிறது. ட்யூப் மூன்று மாற்றியாகிவிட்டது.

அக்கா, 1970-லிருந்து இந்த நாட்டில் வலது பக்கமாகத்தான் ஓட்டுகிறோம். ஆணி, கம்பி, கண்ணாடி எல்லாம் ஓரத்தில்தான் ஒதுங்கும். வலது சக்கரம் அதன் மேலேயே ஓடுகிறது, சாலையின் சரிவால் சுமையும் கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும். அது ஒரு காரணம். ஆனால் மூன்று ட்யூப் போயிருந்தால் காரணம் டயருக்குள்ளேயே இருக்க வாய்ப்பு அதிகம்.

இதேபோல ஒரு வண்டி என்னிடம் வந்தது. டயரைக் கழற்றி விளக்கில் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. பழைய பனியன் துணியை உள்ளே விட்டு மெதுவாகச் சுற்றி இழுத்தேன். ஓரிடத்தில் நூல் மாட்டியது. தலைமுடியைவிடச் சற்றே தடித்த இரும்பு இழை ஒன்று. சும்மா நிற்கும்போது ரப்பருக்குள் பதுங்கியிருக்கும், சுமை ஏறி டயர் அமுங்கினால்தான் வெளியே வந்து ட்யூப்பைக் குத்தும். துணியால் பாருங்கள், வெறும் விரலால் தடவ வேண்டாம். பழைய ட்யூப்பை, வால்வு முன்பு இருந்த இடத்துக்கு நேராக வரும்படி டயர் மேல் வைத்தால், ஓட்டை எந்த இடத்துக்கு நேரே வருகிறதோ அங்கேதான் எதிரி இருக்கிறான். ஓட்டை ட்யூப்பின் உள்வட்டத்தில், ரிம் பக்கம் இருந்தால் அது ரிம் துருவின் வேலை. கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பெயின்ட் அடித்துவிட்டு ட்யூப்பைப் போடுங்கள்.

மாண்டலேயிலிருந்து: ஏப்ரல் வெயிலில் மதியம் பார்த்தால் காற்று ஏறியிருக்கிறது. கொஞ்சம் இறக்கிவிடலாமா?

கூடாது. ஓடிச் சூடான டயரில் காற்று ஏறித்தான் காட்டும், டயர் செய்தவர்களுக்கும் அது தெரியும். பக்கவாட்டில் போட்டிருக்கும் காற்றளவு குளிர்ந்த டயருக்கு. மதியம் இறக்கினால் மறுநாள் காலையில் குறைவாக நிற்கும். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடிந்து விரிந்து இன்னும் சூடேறும். வெயில் காலத்தில் டயர் வெடிப்பது பெரும்பாலும் இப்படித்தான். காலையில் வண்டி எடுக்குமுன் பாருங்கள். காற்றளவு பார்க்கும் கேஜ் ஒன்று சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். காலால் உதைத்துப் பார்த்தால் 20 பவுண்டுக்கும் 35 பவுண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, எனக்கே தெரியாது.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: வால்வு சாய்ந்து நிற்கிறது. பரவாயில்லையா?

உடனே கவனியுங்கள். காற்றுக் குறைவாக ஓடியதால் டயர் ரிம்மில் வழுக்கி நகர்ந்திருக்கிறது, ட்யூப்பையும் கூடவே இழுத்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் வால்வு அடியோடு கிழியும், அதை ஒட்ட முடியாது. காற்றை முழுதும் இறக்கி, வால்வை நேராக்கி, மறுபடி அடியுங்கள்.

பெகுவில் ஒரு அண்ணன்: ஜப்பான் குட்டி லாரியின் பழைய டயர் மலிவாகக் கிடைக்கிறது. 145 ஆர் 12. போடலாமா?

ரிம் 12 அங்குலம் என்பதால் பலர் போடுகிறார்கள். உங்கள் ரிம்மின் அகலம் அதற்குப் பொருந்துகிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். அந்த அளவில் 80/78 என்று சுமை எண் இருந்தால் ஒற்றைச் சக்கரத்துக்கு 450 கிலோ தாங்கும், மோசமில்லை. ஆனால் அது ரேடியல் டயர், அதாவது உள்நூல் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடுவது. ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் நூல் சாய்வாக ஒன்றையொன்று வெட்டும் பழைய குறுக்குநூல் டயர் என்று ஒரே அச்சில் போடவே கூடாது. உயரமும் மாறும், வளையும் விதமும் மாறும். உயரம் மாறினால் நேர்ச்சாலையிலும், இரண்டு பின் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரமான டிஃபரென்ஷியல் சும்மா இருக்காமல் ஓயாது உழைத்துத் தேயும். போட்டால் இரண்டையும் ஜோடியாகப் போடுங்கள்.

வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் சிறு வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். டயரை வளைத்துப் பாருங்கள், பட்டனுக்கு, அதாவது சாலையைத் தொடும் ரப்பர் கட்டிகளுக்கு, நடுவே மெல்லிய வெடிப்பு ஓடினால் பட்டன் எவ்வளவு உயரம் இருந்தாலும் வேண்டாம்.

முடோனிலிருந்து: பின்னால் தேய்ந்த டயரை முன்னால் மாட்டினால் என்ன? முன் சக்கரத்தில் சுமை இல்லையே.

தம்பி, இதை மட்டும் செய்யாதீர்கள். இளவயதில் நானே செய்தேன். மொட்டை டயர், உள்ளே நான்கு ஒட்டுப் போட்ட ட்யூப். பாயாஜி தாண்டி, மழையில், நெல் மூட்டையோடு முன் சக்கரத்தில் காற்று இறங்கியது. கைப்பிடி இடது பக்கம் வெட்டி இழுத்தது, எதிரே பஸ். ஓர் ஆள் நீளத்தில் தப்பினேன். பின்னால் ஒன்று போனால் இன்னொன்று தாங்கும். முன்னால் இருப்பது ஒன்றே ஒன்று, வண்டியைத் திருப்புவதும் அதுதான். இருப்பதில் நல்ல டயரும் ஒட்டில்லாத ட்யூப்பும் முன்னால்தான் போக வேண்டும்.

பியாப்போனிலிருந்து: டயர் ஒரு பக்கமாகவே தேய்கிறது.

உள்ளங்கையைப் பட்டன் மேல் குறுக்கே வைத்து இழுங்கள். ஒரு பக்கம் இழுத்தால் வழவழப்பு, திருப்பி இழுத்தால் அரம் மாதிரி சொரசொரப்பு என்றால் அச்சு நேராக இல்லை. அச்சைப் பட்டை ஸ்பிரிங்கோடு பிடித்திருக்கும் யூ போல்ட் தளர்ந்து அச்சு நகர்ந்திருக்கும். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். அங்கங்கே குழிகுழியாக இருந்தால் பேரிங்கை ஆட்டிப் பாருங்கள்.

ரங்கூனிலிருந்து ஒரு பெரியவர்: பீலிக்கான் கோயிலுக்கு எங்கள் வீட்டார் 12 பேர் தோன்பெய்னில் போகிறோம். டயர் தாங்குமா?

ஐயா, 12 பேர் என்றால் ஏறக்குறைய 400 வீசை. நல்ல டயர் தாங்கும், ஆனால் நெல் மூட்டை ஆடாது, ஆட்கள் ஆடுவார்கள். எழுந்து நின்றால் பாரம் மேலே போகும். அந்த நேரத்தில் ஒரு பின் டயரில் காற்றுக் குறைந்திருந்தால் திருப்பத்தில் வண்டி அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். பிள்ளைகளை நடுவில், தரையில் உட்கார வையுங்கள். இரண்டு வண்டி பிடிக்க வசதியிருந்தால் ஆறு ஆறு பேராகப் போங்கள், அதைத்தான் நான் விரும்புவேன். கிளம்பும் காலையில் வண்டிக்காரரைக் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பின் டயர் இரண்டிலும் ஒரே எண் வந்த பிறகு ஏறுங்கள்.