நாயகர்கள் துப்பாக்கிக்குப் பயப்படவில்லையா? டஃப்னஸைப் பாருங்கள்

கேள்வி: 'மியூட்டண்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ்' என்ற சூப்பர்ஹீரோ பாத்திரமேற்பு ஆட்டத்தின் (பகடை உருட்டிக் கதை நடத்துவது) 3ஆம் பதிப்பில், ஊழல் மலிந்த ஓர் இருட்டு நகரத்தை வைத்து ஆட்டம் நடத்துகிறேன். நாயகர்கள் சின்னச் சின்ன சக்தி கொண்ட முகமூடிக்காரர்கள். பவர் லெவல் (எண்களுக்கான உச்சவரம்பு) 8, நாயகரை உருவாக்க 120 புள்ளி கொடுத்தேன். சந்தில் அடியாள் துப்பாக்கியை நீட்டினால் ஒருவரும் அசைவதில்லை. என்ன செய்வது?

பதில்: கதையைத் தொடாதீர்கள். டஃப்னஸ், அதாவது அடி தாங்கும் எண்ணைப் பாருங்கள்.

லெவல் 8இல் டாட்ஜும் (தாக்குதலிலிருந்து விலகும் எண்) டஃப்னஸும் சேர்ந்து 16ஐத் தாண்டக் கூடாது. ஆட்டக்காரர்கள் எட்டெட்டாகப் பிரித்துக்கொள்வார்கள். சிறிய கைத்துப்பாக்கியின் சேதம் 3. அதைத் தாங்க 15+3, அதாவது 18 எடுக்க வேண்டும். டஃப்னஸ் 8 உள்ளவருக்கு இருபது முகப் பகடையில் 10 விழுந்தாலே போதும். 1 விழுந்தாலும் கிறுகிறுத்து நிற்பாரே ஒழிய, சாய மாட்டார். அவர் ஏன் பயப்படப் போகிறார்?

லெவலை 6 ஆக்குங்கள், புள்ளி 120 அப்படியே இருக்கட்டும். லெவல் உச்சவரம்பு, புள்ளி கையிருப்பு. லெவல் 6க்கு 90 என்பது வழக்கமான அளவுதான், கேம் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துபவர்) கூட்டிக் கொடுக்கலாம். அதிகப்படி 30 புள்ளியில் 60 ரேங்க் திறமை வாங்கலாம்: துப்பறிதல், பதுங்கல், மிரட்டல். தெருவில் சோறு போடுவது இவைதான்.

இப்போது டாட்ஜ் 8, டஃப்னஸ் 4 வைக்கச் சொல்லுங்கள். தாக்குதல் +4 உள்ள அடியாள் சுட்டால், பகடையில் 14 விழுந்தால்தான் படும். பட்டுவிட்டால் நாயகருக்கும் 14 தேவை. 1 விழுந்தால் தள்ளாடுவார். அந்த டஃப்னஸிலும் 2ஐ டிஃபென்சிவ் ரோலாக (அடியோடு உருண்டு சேதத்தைக் குறைக்கும் திறன்) எடுக்க வையுங்கள். எதிர்பாராத நேரத்தில் முதுகில் சுட்டால் அந்த 2 காணாமல் போகும்.

சிறிய சேதத்தை முழுதாகத் தட்டிவிடும் இம்பர்வியஸை அனுமதிக்கவே வேண்டாம். ரேங்க் 6 இருந்தால் சிறிய கைத்துப்பாக்கி வேலை செய்யாது, 8 இருந்தால் பெரியதும் செய்யாது. பகடையே உருட்ட வேண்டாம். இருட்டு நகரம் அங்கேயே செத்துவிடும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். லெவல் 6இல் தாக்குதலும் சேதமும் சேர்ந்து 12தான். ஆனால் ஆல்-அவுட் அட்டாக் என்ற அட்வான்டேஜை (புள்ளி கொடுத்து வாங்கும் தனித்திறன்) எடுத்தவர் தன் தற்காப்பில் 5 குறைத்துத் தாக்குதலை 5 கூட்டலாம். +6, +11 ஆகும். அதோடு சேதம் 6ஐக் கூட்டினால் 17; "வரம்பு மீறல்" என்று பல கேம் மாஸ்டர்கள் தடுத்துவிடுகிறார்கள். தடுக்காதீர்கள். வரம்பு தாளில் எழுதும் எண்ணுக்கு, சண்டையில் எடுக்கும் துணிச்சலுக்கு அல்ல. அவருடைய டாட்ஜ் 8இலிருந்து 3க்கு இறங்கிவிடுகிறது. அதே அடியாளுக்கு இனி 9 போதும். அட்வான்டேஜ் வாங்காதவரும் இதைச் செய்யலாம், 2 வரை மட்டும்.

எரிச்சலூட்டும் விஷயம், மூலநூலின் மாதிரி நாயகர்கள் எல்லாரும் லெவல் 10. தெருமட்டத்தில் ஆட வருபவர் முதல் நாளே அத்தனையையும் அழித்து எழுத வேண்டியிருக்கிறது. புதியவரை இப்படியா வரவேற்பது?

இந்த ஓட்டையில்தான் இடைத்தரகர்கள் நுழைகிறார்கள். 'தெரு நாயகர் தொகுப்பு' என்று தயார்த் தாள்களைக் காசுக்கு விற்பார்கள். வாங்காதீர்கள். அடிப்படை விதிகள் திறந்த உரிமத்தில், இணையத்தில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கின்றன. விற்பதில் பல 2005இல் வந்த 2ஆம் பதிப்பின் தாள்கள். கண்டுபிடிப்பது எளிது: வலிமை 14, 16 என்று இருந்தால் பழையது. 2011இல் வந்த 3ஆம் பதிப்பில் சராசரி மனிதனின் வலிமை 0. அதே 14 இங்கே வெறும் 2. பழைய தாளை அப்படியே இறக்கினால், உங்கள் சந்து முகமூடிக்காரர் லாரியைத் தூக்கி எறிவார்.