மெலிந்த குழந்தைக்குப் போத்தலில் கூழ் வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு நான்கு மாதம் ஆகப்போகிறது. தாய்ப்பால் போதாததால் இரண்டாவது மாதத்திலிருந்தே பால்மாவுதான். வளர்ச்சி அட்டவணையில் எடை 25ஆம் சதமானக் கோட்டில் சீராக ஏறுகிறது என்று பலதுறை மருந்தகத்தில் சொல்கிறார்கள். மாமியாரோ, "பிள்ளை பூசினாற்போல் இல்லையே" என்று இரவுப் போத்தலில் கேழ்வரகுக் கூழைக் கலக்கச் சொல்கிறார். பால்மாவு குடித்தால் பின்னாளில் உடல்பருமன் வரும் என்று தோழி வேறு பயமுறுத்துகிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- ஒரு வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: மருந்தகத் தாதி சொல்வதைக் கேளுங்கள். 25ஆம் சதமானம் என்பது பரீட்சை மதிப்பெண் அன்று. அதே வயதுடைய ஆரோக்கியமான 100 குழந்தைகளில் ஏறத்தாழ 25 பேர் உங்கள் மகனைவிட எடை குறைந்தவர்கள் என்பதே அதன் பொருள். குழந்தை எந்தக் கோட்டில் இருக்கிறது என்பதைவிட, மாதாமாதம் அதே கோட்டை ஒட்டிச் செல்கிறதா என்பதைத்தான் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். இரண்டு கோடுகளைத் தாண்டிக் கீழே இறங்கினால் கவலைப்படலாம், குறுகிய காலத்தில் மளமளவென்று மேலே ஏறினாலும் கவனிக்க வேண்டும். முதல் ஆண்டில் எடை மிக வேகமாகக் கூடிய குழந்தைகளுக்குப் பின்னாளில் உடல்பருமன் வரும் வாய்ப்பு அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன.

தோழி சொல்வதில் பாதிதான் உண்மை. தாய்ப்பாலில் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 1 கிராம் புரதமே உண்டு. பெரும்பாலான பால்மாவுக்கு மூலப்பொருளான பசும்பாலில் அது மூன்று மடங்குக்கும் மேல். ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் புரதம் மிகுந்த பால்மாவையும் குறைந்த பால்மாவையும் வெவ்வேறு குழந்தைகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டபோது, ஆறு வயதில் முதல் பிரிவினரிடையே உடல்பருமன் இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தது. ஆனால், பெலாரஸில் தாய்ப்பாலூட்டலை ஊக்குவித்து நடத்திய பெரிய ஆய்வில், அக்குழந்தைகளின் 11 வயதையொட்டிய பரிசோதனையில் உடல்பருமன் குறைந்திருக்கவில்லை. தாய்ப்பாலின் மற்ற நன்மைகளில் ஐயமில்லை என்றாலும், அது கொடுக்க இயலாத தாய் தன் பிள்ளையைப் பருமனுக்கு ஆளாக்கிவிட்டதாகக் குற்ற உணர்வு கொள்ள ஆதாரம் போதாது.

கூழ் விஷயத்தில் என் பதில் திட்டவட்டமானது: இப்போது வேண்டாம். அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரத்தில் நடந்த ஆய்வொன்றில், பால்மாவு குடித்த குழந்தைகளுள் நான்கு மாதத்துக்கு முன்பே திட உணவு தொடங்கியவர்களுக்கு மூன்று வயதில் உடல்பருமன் காணப்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்காக இருந்தது. போத்தலில் கலந்த கூழ் புரையேறவும் கூடும். ஆறு மாத வாக்கில், தலை நின்று, சாய்வாக உட்கார முடிந்த பிறகு, அதே கேழ்வரகைக் கிண்ணத்திலிருந்து கரண்டியால் ஊட்டுங்கள். மாமியாருக்கும் மனக்குறை இராது.

போத்தலில் இன்னொரு சிக்கல் உண்டு. விலை கொடுத்து வாங்கிய மாவு வீணாகக் கூடாதே என்று, கடைசி 20 மில்லிலிட்டரையும் உள்ளே தள்ளிவிடப் பார்ப்போம். குழந்தை உதட்டை மூடி, முகத்தைத் திருப்பி, இறுகியிருந்த விரல்களைத் தளர்த்தினால் வயிறு நிறைந்துவிட்டது, அதோடு நிறுத்திவிடுங்கள். நம் வம்சாவளிக் குழந்தைகள் பார்வைக்கு மெலிந்திருந்தாலும் உடலில் கொழுப்பின் விகிதம் கூடுதலாக இருக்கக்கூடும் என்று புனேயில் நடந்த ஆய்வுகள் கண்டறிந்துள்ளதால், 'பூசினாற்போல்' என்ற அளவுகோலை நாம்தான் முதலில் கைவிட வேண்டும்.

கேள்வி: எட்டு மாதப் பேத்தி குண்டாக இருக்கிறாள். பாலில் தண்ணீரைக் கூட்டினால் எடை குறையுமா?
- ஒரு தாத்தா, தோ பாயோ

பதில்: செய்யவே செய்யாதீர்கள், ஐயா. நீர்த்த பாலால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து வலிப்பு வரும் அபாயம் உண்டு. டின்னில் உள்ளபடி தண்ணீரை முதலில் அளந்து, கரண்டியில் மாவைத் தலைதட்டிப் போடுங்கள். இந்த வயதில் எடையைக் குறைக்க முயல்வதில்லை. உயரம் ஏற ஏற ஈடாகிவிடுகிறதா என்று பார்ப்பார்கள். பழச்சாறு கொடுப்பதாக இருந்தால் அதை மட்டும் நிறுத்திவிட்டு, அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது உயரத்தையும் எடையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.