300 வெள்ளி கொடுத்து ஒரு போர்டு கேம் வாங்கலாமா?

பெட்டி ஒன்று 300 வெள்ளி (ரிங்கிட்), விதிப் புத்தகம் படிக்கவே ஒரு சனிக்கிழமை போய்விடும், இதெல்லாம் தேவையா, வீட்டிலிருக்கும் சைடினா (மோனோபொலி மாதிரி ஆட்டம்) போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நண்பர்களோடு வாடகை வீட்டில் இருப்பவர், எங்கேயோ ஒருமுறை ஆடிப் பார்த்து ஆசைப்பட்டு, கடையில் விலையைப் பார்த்ததும் திரும்பி வந்தவர் என்று நானே முடிவு செய்துகொண்டு பதில் சொல்கிறேன்.

முதலில் என் வயிற்றெரிச்சல். என் அண்ணன் பினாங்குப் பாலத்துப் பக்கம் படகில் போய் மீன் பிடிப்பவர். தூண்டில் கம்பு, ரீல், படகு வாடகை, இரை என்று அவர் விடும் காசுக்குச் சந்தையில் வருஷம் முழுக்க மீன் வாங்கலாம். அவரை யாரும் 'தேவையா?' என்று கேட்டதில்லை. நான் ஒரு பெட்டியோடு வந்தால் மட்டும் அண்ணி, "இந்த வயசுல பிள்ளைங்க சாமானா?" என்று சிரிப்பார். வசதி உள்ளவள் பேச்சு என்று திட்ட வருபவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். போனஸ் வந்த மாதத்தில் வாங்கியதுதான் எல்லாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் அதிகம் திறக்கும் பெட்டி அசூல். 2017-இல் வந்தது, மறு ஆண்டே ஜெர்மனியின் 'ஸ்பீல் தெஸ் யாரெஸ்' (ஆண்டின் சிறந்த ஆட்டம்) விருது வாங்கியது. போர்ச்சுகல் நாட்டுச் சுவர் ஓடுகளை வைத்துச் செய்த ஆட்டம். ஐந்து நிறத்தில் 100 ஓடுகள், ஒரு துணிப்பை. பையிலிருந்து ஓடுகளை எடுத்து நடு மேசையில் சின்னத் தட்டுகளில் வைப்போம். ஒரு தட்டில் ஒரு நிறத்தைத் தொட்டால் அந்த நிறம் முழுவதையும் எடுக்க வேண்டும், மற்றவை நடுவில் போய்ச் சேரும். உங்கள் பலகையின் வரிசையில் இடமில்லாமல் மிஞ்சுவது கீழே விழும், புள்ளி குறையும்.

அம்மா தோட்டத்தில் வளர்ந்தவர், ஆங்கிலம் படிக்க வராது. ஓடு ஒன்றை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "ஜார்ஜ்டவுன் பழைய வீட்டுத் தரை மாதிரி இருக்கே" என்றார். முதல் ஆட்டம் சும்மா ஆடினார். அடுத்ததில் தன் பலகையை விட்டுவிட்டு என் பலகையைப் பார்க்க ஆரம்பித்தார். நடுவில் கறுப்பு ஓடு சேர்ந்துகொண்டே போகிறது, அம்மா அதைத் தொடவே இல்லை. கடைசியில் மேசையில் வேறு எதுவும் இல்லை, ஆறு கறுப்பும் என் தலையில். எனக்கு இடம் ஒன்றுக்குத்தான். மிச்சம் ஐந்தும் கீழே, எட்டுப் புள்ளி காலி. "எண்ணிப் பாத்து எடுக்க வேணாமா?" என்று அம்மா கேட்ட கேள்வியை வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பல்லாங்குழியில் கடைசி முத்து எந்தக் குழியில் விழும் என்று கை வைக்கும் முன்பே எண்ணிப் பழகியவர், எனக்கு இது தேவைதான். இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிஷம் போதும்.

என் கணவருக்குப் பிடித்தது டெராஃபார்மிங் மார்ஸ், 2016-இல் வந்தது. செவ்வாய்க் கிரகத்தின் வெப்பம், ஆக்சிஜன், கடல் மூன்றையும் ஏற்றி மனிதன் வாழும்படி மாற்ற வேண்டும். இருநூறுக்கும் மேல் அட்டைகள், ஒவ்வொன்றிலும் வாசகம். நல்ல ஆட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் வருமானத்தைக் குறிக்கும் சின்னக் கட்டைகள் ஒரு மெல்லிய அட்டையின் மேல் நிற்கும். யாராவது முழங்கையால் இடித்தால் எல்லாம் நகர்ந்துவிடும், அப்புறம் யாருக்கு எவ்வளவு வருமானம் என்று பஞ்சாயத்து. அந்த விலைக்குக் குழி வெட்டிய பலகை கொடுத்திருக்கலாம்.

சிக்கலான ஆட்டத்துக்கு நீங்கள் கடையில் கட்டுவது பாதி விலைதான். மீதியை வீட்டில் ஒருவர் கட்டுகிறார்: விதிகளைப் படித்து, மறக்காமல், எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்து, நடுவில் வரும் சந்தேகத்துக்கும் பதில் சொல்பவர். எங்கள் வீட்டில் அது என் கணவர். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்து, அதே மூன்று நான்கு பேர் அடிக்கடி உட்காருவார்கள் என்றால் 300 வெள்ளி அதிகமில்லை. ஆள் மாறிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு முறையும் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும், பெட்டி அலமாரிக்குப் போய்விடும்.

    

சைடினாவைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அதில் வளர்ந்தவள்தான். ஆனால் சீக்கிரம் திவாலானவர் எழுந்து குழம்பைக் கிளறப் போக வேண்டியதுதான். 1995-இல் வந்த காட்டான் என்ற ஆட்டத்தில்கூட கடைசி வரை யாரும் வெளியே போவதில்லை, பகடை உருளும்போதெல்லாம் எல்லோருக்கும் ஏதாவது கிடைக்க வாய்ப்பு உண்டு.

வாங்கும் முன், போர்டுகேம்கீக் தளத்தில் அந்த ஆட்டத்தின் சிக்கல் மதிப்பெண்ணைப் பாருங்கள், 5-க்கு எவ்வளவு என்று இருக்கும். அசூல் 2-க்குக் கீழே, டெராஃபார்மிங் மார்ஸ் 3-க்கு மேலே. புதிதாகத் தொடங்குகிறவர்கள் 2-ஐத் தாண்ட வேண்டாம் என்பது என் கட்சி. ஜார்ஜ்டவுனிலும் கோலாலம்பூரிலும் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஆட விடும் காஃபேக்கள் இருக்கின்றன, விதியையும் அவர்களே சொல்லித் தருவார்கள். அங்கே ஆடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அட்டை நிறைய உள்ள ஆட்டம் என்றால் பிளாஸ்டிக் உறைக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், நம் ஊர் ஈரத்துக்கு அட்டை வளைந்துவிடும், அந்தச் செலவை விலைச்சீட்டில் போட மாட்டார்கள்.